நிலாவுக்குப் போனது வெறும் கைக்கணக்கில் அல்ல

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “1969இல் கணினி, கல்குலேட்டர் எதுவும் இல்லாமல் கையால் கணக்குப் போட்டே நாசா நிலாவுக்கு ஆள் அனுப்பியது. பிள்ளைகளிடம் கல்குலேட்டரைக் கொடுக்காதீர்கள்.”

இது பிழை. அந்த 1969 பயணமான அப்பலோ 11இன் தாய்க்கலத்தில் ஒன்று, இறங்குகலத்தில் இன்னொன்று என இரண்டு வழிகாட்டிக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 32 கிலோ. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் ஐபிஎம்மின் பெரிய கணினிகள் வேறு.

கதை 1962ஐக் குழப்பிக்கொண்டு வந்திருக்கலாம். விண்வெளி வீரர் ஜோன் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணினி தந்த எண்களை நாசாவின் கணித வல்லுநர் கேத்தரின் ஜோன்சன் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். ஜோன்சனும் ஒன்றரை நாள் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தார். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது! ஆனால் அவர் மேசையிலும் இயந்திரக் கல்குலேட்டர் இருந்தது. சமன்பாடுகளை விளங்கியவர் அவர். பெருக்கி வகுத்தது இயந்திரம். 1970இல் அப்பலோ 13 பழுதானபோதும் அதன் தலைவர் ஜிம் லவல் கோணங்களைக் கையால் கணக்கிட்டு, தரையிலிருந்தவர்களைச் சரிபார்க்கச் சொன்னார். அதுவும் இறங்குகலக் கணினிக்குக் கொடுக்கத்தான்.

சாதாரண தரப் பிள்ளைகள் மடக்கை அட்டவணையோடு பழகத்தான் வேண்டும், சரி. விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று முதலில் சொல்லட்டும், அப்புறம் கல்குலேட்டரில் தட்டிப் பார்க்கட்டும். அதற்கு இந்தப் பொய் தேவையில்லை; தயவுசெய்து பகிராதீர்கள்.