தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது

குழந்தைகளோடு முதல்முறை மலையேறுகிறவர்கள் 6 கிலோமீட்டருக்குள் ஒரு பாதையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் அந்த 6 கிலோமீட்டரில் எத்தனை மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்த 6 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். இது நடந்து பழகிய பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைகள் வந்தால் இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள், எறும்பு வரிசையைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், அதில் அவர்களை அவசரப்படுத்தவே கூடாது, அதற்காகத்தானே கூட்டிக்கொண்டு போகிறோம்!

அப்புறம் இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முழங்கால் நோவதும் களைத்த கால் சறுக்குவதும் இறங்கும்போதுதான். ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டால் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், "உச்சி இதோ வந்துவிட்டது" என்று யார் சொன்னாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். மேலே போகப் போகக் குளிரும், 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும், அதனால் கீழே வெயில் அடித்தாலும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.