அந்தக் கிட்டார் போதும், அந்த ஆம்ப்பும் போதும்

பேசாம இருந்துடலாம்னுதான் பாத்தேன், முடியல. இங்க ஒரு பொண்ணு முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆசையா போட்டோ போட்டாங்க, விலை கம்மின்னு அதுக்குக் கீழ எத்தனை பேர் கேலி பண்ணினாங்கன்னு எல்லாருமே பாத்துட்டீங்க, திரும்ப எழுதி அவங்களை இன்னொரு தடவ நோகடிக்க விரும்பல. பதிவை அவங்களே எடுத்துட்டாங்க. "பொம்மை"ன்னு சொன்னவர், "இந்தக் காசுக்கு சும்மா இருந்திருக்கலாம்"னு சொன்னவர் ரெண்டு பேருமே வருஷக்கணக்கா வாசிக்கறவங்க. அதுதான் எனக்குத் தாங்கல. ஒண்ணும் தெரியாதவங்க சொல்லியிருந்தா தாண்டிப் போயிருப்பேன்.

அவங்க வாங்கினதுல என்ன தப்பு? ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர்) ஷேப்புல ஒரு ஸ்க்வையர், அதே ஃபெண்டரோட விலை கம்மியான பிராண்ட். பக்கத்துல 10 வாட்ஸ் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி), சின்ன ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் ஜாக். வீட்ல உக்காந்து ஆரம்பத்துலேர்ந்து கத்துக்க அது போதும். நல்லாவே போதும். முதல் எலக்ட்ரிக் கிட்டாருக்கு வேண்டியது பெரிய பேரு இல்ல, செட்டப், அதாவது கம்பி உயரம், நெக் வளைவு எல்லாத்தையும் கைக்கு ஏத்த மாதிரி சரி பண்றது. இதை எத்தனை தடவ சொல்றதுன்னு தெரியல, இன்னைக்கும் சொல்றேன், செட்டப், செட்டப், செட்டப்.

புதுசா படிக்கறவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். மெல்லிசு 9-42 கம்பி செட்டுகூட (மெல்லிய கம்பி 0.009 இன்ச், தடிச்ச கம்பி 0.042 இன்ச்) ட்யூன்ல இருக்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுப்பு இழுக்கும். நெக், அதாவது விரல் வெச்சு வாசிக்கற நீளப் பகுதி, மரம், அது முன்பக்கமா வளையும், அதை எதிர்ப்பக்கம் பிடிச்சு நிறுத்தத்தான் உள்ள ட்ரஸ் ராட்னு ஒரு உலோகத் தண்டு. பெட்டியில, குடோன்ல, வெயில்ல, ஈரத்துல கிடந்து உங்க கைக்கு வர்றதுக்குள்ள அந்தக் கணக்கு மாறியிருக்கும். 12-வது ஃப்ரெட்டுக்கு (நெக்ல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) மேல கம்பி ஒன்றரையிலேர்ந்து 2 மில்லிமீட்டர் உயரத்துல இருந்தா கை சுகமா போகும், அதுவே 3-ஐத் தாண்டினா ஒவ்வொரு நோட்டுக்கும் மல்லுக்கட்டணும். இதையெல்லாம் சரி பண்ண ஒரு ஆலன் கீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், தெரிஞ்ச ஒரு கை, அவ்வளவுதான். 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தப்பவே ஆறு கம்பிக்கும் தனித்தனி சேடில் (கம்பி உக்கார்ற தாங்கி), ஒவ்வொண்ணையும் ஏத்தி இறக்க ஸ்க்ரூ. அதைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் பண்ணிட்டிருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனா வாசிக்கறவன் கை எங்க கஷ்டப்படும்னு யோசிச்சிருக்கார். வாசிக்கத் தெரிஞ்ச நீங்க அதை யோசிக்க மாட்டேங்கறீங்க.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேக்கறவங்களுக்கு எங்க அக்கா கதையைச் சொல்லணும்.

வீட்ல முதல்ல கிட்டார் எடுத்தது அக்காதான், நான் இல்ல. கடையில அவ கையில பிடிச்சுக் கொடுத்தது லாக்கிங் ட்ரெமலோ வெச்ச கிட்டார், அதாவது பாடியில கம்பி வந்து நிக்கற பிரிட்ஜை ஒரு கைப்பிடியால ஆட்டி ஸ்ருதியை அசைக்கலாம், கம்பியை ரெண்டு பக்கமும் பூட்டிடலாம். பாக்க அட்டகாசமா இருக்கும். அந்த பிரிட்ஜ் பின்னாடி இருக்கற ஸ்ப்ரிங்குக்கும் முன்னாடி இருக்கற கம்பிக்கும் நடுவுல மிதந்துட்டு நிக்கும், ஒரு கம்பியை ஏத்தினா மத்த அஞ்சும் இறங்கும், அதை ஏத்தினா முதல்ல வெச்சது இறங்கும், அவ ட்யூனரை மடியில வெச்சுட்டு ஒண்ணுலேர்ந்து ஆறு, திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆறுன்னு சுத்திட்டே இருப்பா, நட் (நெக் நுனியில கம்பி உக்கார்ற பட்டை) பக்கத்து லாக்கை முறுக்கினதும் மறுபடி எல்லாம் நகந்துரும், அதுக்குள்ள பிராக்டிஸுக்குன்னு ஒதுக்கின நேரம் முடிஞ்சுரும். கூட ஒரு பெரிய ஆம்ப் வேற. ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது. வால்யூமைத் திறந்தா வீடே அதிரும், குறைச்சா கொசு மாதிரி கத்தும். அப்பா தூங்கணும்னு அவ ஆம்ப்பை ஆன் பண்ணவே மாட்டா, வெறும் கம்பியை தட்டிட்டு இருப்பா.

வகுப்புக்குப் போனா அங்க எஃப் கார்ட், அதாவது ஒரு விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்க வெச்சு அமுக்கற கார்ட், வரல. வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "உனக்குக் கை சின்னதும்மா, கீபோர்டு பாரு." அவ்வளவுதான், முடிஞ்சுது. அக்கா விட்டுட்டா.

ரொம்ப வருஷம் கழிச்சு அந்தக் கிட்டாரை ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் மூணாவது ஃப்ரெட்ல கம்பியை அமுக்கிப் பிடிச்சுட்டு முதல் ஃப்ரெட்டைக் காட்டினார். அங்க ஒரு பேப்பர் நுழையற இடைவெளி இருந்தா போதும், இதுல கிட்டார் பிக்கே நுழைஞ்சுது. நட் உயரம் தப்பு. நட் உயரமா இருந்தா முதல் ஃப்ரெட்ல கம்பியை அமுக்கறதே பெரும்பாடு, எஃப் பார் கார்ட் வாசிக்க வேண்டிய இடமே அதுதான். அமுக்கினாலும் கம்பி இழுபட்டு ஸ்ருதி ஏறிடும், ட்யூனர்ல திறந்த கம்பி சரியா காட்டும், கார்ட் பிடிச்சா மட்டும் அபஸ்வரமா கேக்கும். அவ காது சரியாத்தான் இருந்திருக்கு, கையும் சரியாத்தான் இருந்திருக்கு. அவர் நட்டை இறக்கி, ட்ரஸ் ராடை லேசா திருப்பிக் கொடுத்தார், எஃப் கார்ட் கணீர்னு பேசுச்சு. எனக்குச் சந்தோஷமே வரல. அக்கா இன்னைக்கும் "எனக்கு மியூசிக் வராதுடா"ன்னுதான் சொல்றா. எத்தனை தடவ விளக்கினாலும் சிரிச்சுட்டுப் போயிடறா.

சரி, இப்ப வழக்கமா வர்ற கேள்விகளுக்கு வரேன்.

"முதல்ல ஒரு வருஷம் அக்குஸ்டிக் வாசிக்கணும், அப்பதான் விரல் பழகும்." ஏன்? எலக்ட்ரிக் வாசிக்க ஆசைப்படற ஒருத்தரை எதுக்கு ஆம்ப் இல்லாம வாசிக்கற வேற கருவியில ஒரு வருஷம் உக்கார வெக்கணும்? அக்குஸ்டிக்ல சாதாரணமா போடற 12-53 செட்டோட இழுப்பு 70 கிலோவைத் தாண்டும். விரல் வலியைத் தாங்கறதுதான் தகுதின்னு யார் எழுதி வெச்சாங்க? அக்குஸ்டிக் சவுண்ட் பிடிச்சா அக்குஸ்டிக் வாங்கட்டும், தாராளமா. ஆனா அது எலக்ட்ரிக்குக்குப் போற படிக்கட்டு இல்ல.

"விலை கம்மியான கிட்டார் குப்பை." முன்னாடி ஒரு காலத்துல நிறைய அப்படி இருந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப மெஷின்ல வெட்டற நெக்கும் பாடியும் எவ்வளவோ சீரா வருது. ஸ்க்வையர்ங்கறது 1982-லேர்ந்து ஃபெண்டரே தன் கிட்டார்ல போடற பேரு. யமஹா பசிஃபிகா 112 பல வருஷமா எத்தனை பேருக்கு முதல் கிட்டாரா இருந்துட்டு இருக்கு, ஒரு ஹம்பக்கர், ரெண்டு சிங்கிள் காயில்னு ரெண்டு வகை பிக்கப் (கம்பி அதிர்வை எடுக்கற காந்தம்), எந்தப் பாட்டுக்கும் ஓரளவு ஒத்துவரும். ஐபனீஸ் ஜியோ இருக்கு, எபிஃபோன் இருக்கு. கை சின்னதுன்னு நினைக்கறவங்களுக்கு 24 இன்ச் ஸ்கேல் (நட்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்) மஸ்டாங் வகை இருக்கு, ஸ்ட்ராட்டோட 25.5 இன்ச்சைவிட கம்பி தளர்வா, ஃப்ரெட் நெருக்கமா இருக்கும். கீபோர்டுக்கு அனுப்ப வேண்டியதில்ல. மிதக்கற பிரிட்ஜ் மட்டும் முதல்ல வேண்டாம், அசையாத பிரிட்ஜ் எடுங்க, இல்ல பாடி மேல படிஞ்சு நிக்கற சாதா ட்ரெமலோ எடுங்க.

"டியூப் ஆம்ப் டோன் வருமா?" வராது. வர வேண்டிய அவசியமும் இல்ல. டியூப் ஆம்ப்போட (கண்ணாடி வால்வு வெச்ச ஆம்ப்) அழகே அதை முடுக்கி ஓட்டும்போதுதான் வெளிய வரும், படுக்கை ரூம்ல ராத்திரி அதை யார் முடுக்க விடுவாங்க? இன்னொண்ணு, வாட்ஸ் பத்து மடங்கு ஏறினா காதுக்கு சத்தம் சுமார் ரெண்டு மடங்குதான் ஏறும். அதனால 10 வாட்ஸ்னா 100 வாட்ஸ்ல பத்துல ஒரு பங்கு சத்தம்னு கணக்குப் போடாதீங்க, ஒரு ரூமுக்கு 10 வாட்ஸே தாராளம். பாக்க வேண்டியது வேற. ஹெட்ஃபோன் ஜாக் இருக்கா? போன்ல பாட்டு ஓடவிட்டு கூட வாசிக்க வழி இருக்கா? குறைஞ்ச வால்யூம்ல சத்தம் உருப்படியா இருக்கா? ஆரஞ்ச் க்ரஷ் 12 மாதிரி சில குமிழ் மட்டும் உள்ளது போதும்னா அது. கொஞ்சம் வளர இடம் வேணும்னா பாஸ் (Boss) கட்டானா 50, அதுல அரை வாட்டுக்கு இறக்கற ஸ்விட்சே இருக்கு. ஹெட்ஃபோன் மட்டும் வயர் வெச்சதா இருக்கட்டும், ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல நோட்டு அடிச்சு கொஞ்சம் கழிச்சுத்தான் காதுல விழும், தாளம் கெட்டுரும்.

"மாடலிங் ஆம்ப்ல நூறு சவுண்ட் இருக்கும், மாத்தி மாத்தி விளையாடிட்டு பிராக்டிஸ் பண்ண மாட்டாங்க." அந்த வகை ஆம்ப் பல ஆம்ப்களோட சத்தத்தை டிஜிட்டலா காப்பி அடிக்கும், அதனால இதுல நியாயம் இருக்கு. கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கற குமிழ்) ஃபுல்லா வெச்சா தடுமாற்றம் எல்லாம் அந்த இரைச்சல்ல மறைஞ்சுரும், அதனால தினமும் கொஞ்ச நேரமாவது க்ளீன் சவுண்ட்ல வாசிக்கச் சொல்லுங்க. ஆனா ஒருத்தர் வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் சவுண்டை மாத்தி மாத்தி சிரிச்சுட்டு இருந்தா உங்களுக்கு என்ன போச்சு? கிட்டார் கையில இருக்குல்ல? மூலையில சாத்தி வெக்கலையே?

"நாங்க நல்லதுக்குத்தான் சொன்னோம்"னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தார். நல்லதுக்குச் சொல்றவங்க "ஆக்‌ஷன் (கம்பி உயரம்) செக் பண்ணினீங்களா, கம்பி மாத்தினீங்களா"ன்னு கேட்டிருப்பாங்க. ஒருத்தர்கூடக் கேக்கலீங்க. அத்தனை கமெண்ட்லயும் ஒருத்தர்கூட. எல்லாரும் தன்கிட்ட இருக்கற கிட்டாரைப் பத்தித்தான் பேசினாங்க. அந்தப் பொண்ணு இப்ப கிட்டாரைக் கையில எடுக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வருமா வராதா? எங்க வீட்ல ஒருத்திக்கு ஒரே ஒரு வாக்கியம் இத்தனை வருஷமா வந்துட்டு இருக்கு, அதனால கேக்கறேன்.

அவங்க இதைப் படிச்சா, கிட்டாரைத் திருப்பிக் கொடுக்காதீங்க. பட்ஜெட்ல மிச்சம் எதாவது இருந்தா ஆம்ப்பை மாத்தாதீங்க, நல்ல ரிப்பேர் கைகிட்ட ஒரு செட்டப்புக்குக் கொடுங்க, புது 9-42 கம்பி போடச் சொல்லுங்க, நட்டைப் பாக்கச் சொல்லுங்க, 12-வது ஃப்ரெட்ல இன்டோனேஷன் (அங்க அமுக்கினாலும் ஸ்ருதி சரியா நிக்குதான்னு) பாக்கச் சொல்லுங்க. வேற யாராவது வாங்கப் போறீங்கன்னாலும் கேளுங்க, எந்த மாதிரி பாட்டு வாசிக்க ஆசை, வீட்ல எந்த நேரத்துல வாசிப்பீங்க, இந்த ரெண்டும் எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வாங்கினதைக் கேலி பண்ற கமெண்ட் வந்தா மட்டும் அழிச்சுடுவேன், கோச்சுக்காதீங்க.