ஆம்ப்பை மாற்றச் சொல்வதற்கு முன்

காரில் பாட்டுப் போட்டால் கூடவே 'ஙொய்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும். ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) பொருத்திக் கொடுத்த கடைக்கே போனேன். வண்டியில் உட்கார்ந்து கேட்கக்கூட இல்லை. "ஆம்ப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். அவர் கேள்வியில்தான் தொடங்கினார். "இன்ஜினை நிறுத்திட்டா வருதா தம்பி? வால்யூமைக் குறைச்சா குறையுதா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை ஆம்ப்பிலிருந்து பிடுங்கினார். சத்தம் நின்றது. "ஆம்ப் நல்லாத்தான் இருக்கு."

பிறகு சீட்டுக்கு அடியில் ஆம்ப்பை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயரைத் தேடினார். பெயிண்ட் மேலேயே திருகி வைத்திருந்தார்கள். எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் கரண்ட் ஆர்சிஏ வயரின் உறை வழியாகவும் திரும்பிப் போக முயலும். அதோடு, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சலும் பாட்டில் கலந்துவிடும். உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, வாஷர் போட்டு இறுக்கினார். பத்தே நிமிடம். இரைச்சல் போய்விட்டது.

பேஸ் (பாட்டின் கனத்த அடியொலி) ஏன் மெலிந்திருந்தது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டினார். வலது கதவில் ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) வெளியே தள்ளியது, இடதில் உள்ளே இழுத்தது. பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கெயினை மட்டும் நானே வைத்தேன். அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு, அவ்வளவுதான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வேண்டுமென்றால் ஆம்ப் வெளியே தரவேண்டியது சுமார் 14 வோல்ட். டெஸ்ட் டோன் (ஒரே சீரான சோதனை ஒலி) போட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். காதை நம்பி முழுக்கத் திருகினால் சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும், முதலில் கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான் கருகும். டோர் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி போகாமல் ஃபில்டர் வைத்ததும் பாடகர் குரல் தெளிந்து வந்தது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன் ஒருமுறை வண்டிக்குள் உட்கார்ந்து கேளுங்கள். அந்த அண்ணன் என்னிடம் வாங்கியது 200 ரூபாய். அதே ஆம்ப்தான் இன்றும் ஓடுகிறது.