ஜனாதிபதியை நீக்கும் வழி: 38ஆம் உறுப்புரையை ஒருமுறை சேர்ந்து வாசிப்போம்

கோத்தாபய ராஜபக்சவை நாடாளுமன்றம் பதவி நீக்கியது என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை. 2022 ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13ஆம் திகதி அவர் மாலைதீவுக்குப் போனார். அங்கிருந்து சிங்கப்பூர் போய், இராஜினாமாக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். 15ஆம் திகதி சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன அதை நாட்டுக்கு அறிவித்தார். இந்த நாட்களில் எந்த இடத்திலும் நாடாளுமன்றம் அவருடைய பதவியைப் பறிக்கவில்லை. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்ததிலிருந்து இன்றுவரை குற்றப் பிரேரணையால் பதவி இழந்த ஜனாதிபதி ஒருவர்கூட இல்லை.

எல்லா ஜனாதிபதிகளும் ஒழுங்காக ஆண்டார்கள் என்று இதை வாசிக்கும் யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே கோளாறு எங்கே என்று தேட வேண்டும். அது இலங்கை அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேசும்போது அதிகாரப் பகிர்வு, தேர்தல் முறை என்று எல்லாவற்றையும் விவாதிக்கிறோம். இந்த உறுப்புரையை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜனாதிபதி உடலாலோ மனதாலோ நிரந்தரமாக இயலாதவராகிவிட்டார் என்றோ, அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறினார், தேசத்துரோகம் செய்தார், இலஞ்சம் வாங்கினார், பதவி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி முறைகேடோ ஊழலோ செய்தார், ஒழுக்கக்கேடான குற்றம் ஒன்றைப் புரிந்தார் என்றோ குற்றஞ்சாட்டி ஓர் உறுப்பினர் சபாநாயகருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். அதில் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225இல் 150 பேர், கையொப்பமிட்டிருக்க வேண்டும். அல்லது பாதிப்பேர், அதாவது 113 பேர் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டுகள் விசாரிக்கத் தக்கவை என்று சபாநாயகரும் திருப்திப்பட வேண்டும். பிறகு சபையில் வாக்கெடுப்பு. அங்கே 150 வாக்குகள் வேண்டும். கிடைத்தால் விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஜனாதிபதி தானாகவோ சட்டத்தரணி மூலமோ தோன்றித் தன் தரப்பைச் சொல்லலாம். குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னால் விடயம் மறுபடி நாடாளுமன்றத்துக்கு வரும். அங்கே மறுபடி 150 வாக்குகள்.

இந்தக் கடைசிப் படியை இரண்டு தடவை வாசியுங்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஆதாரங்களைப் பார்த்து, வாதங்களைக் கேட்டு, இவர் இலஞ்சம் வாங்கினார் என்று தீர்மானித்த பிறகும் 76 உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டால் அந்த மனிதர் ஜனாதிபதியாகவே தொடரலாம். எதிர்த்துக் கைதூக்கவும் தேவையில்லை. சபைக்கு வராமல் விட்டாலே போதும், ஏனென்றால் வராதவர்களையும் சேர்த்துத்தான் மூன்றில் இரண்டு கணக்கிடப்படுகிறது.

இவ்வளவு காலமும் ஜனாதிபதியின் அதிகாரத்தில் ஒரு துளியும் குறையாது. முப்படைகளின் தளபதி அவர்தான். அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர்தான். பிரேரணையைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டபின் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று 70ஆம் உறுப்புரை தடுக்கிறது. நல்ல தடைதான். ஆனால் கூட்டத்தொடரை இரண்டு மாதம் வரை ஒத்திவைக்கும் அதிகாரத்தை அது தடுக்கவில்லை. 1991இல் எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் கடைசியில், ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணையைச் சபாநாயகர் எம்.எச். முகமது ஏற்றுக்கொண்டார். முன்னின்றவர்கள் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க, ஜி.எம். பிரேமசந்திர. மூவரும் ஐக்கிய தேசியக் கட்சி, அதாவது ஜனாதிபதியின் சொந்தக் கட்சி. எதிர்க்கட்சியும் சேர்ந்ததால்தான் பாதியைத் தாண்டும் கையொப்பங்கள் கிடைத்தன. செய்தி வெளிவந்த சில நாட்களுக்குள் பிரேமதாச நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார். அந்த வாரங்களில் கையொப்பமிட்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். ஒக்டோபரில் சபாநாயகர், தேவையான அளவு செல்லுபடியான கையொப்பங்கள் இல்லை என்று சொல்லிப் பிரேரணையை நிராகரித்தார். குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் யாரும் நுழையவே இல்லை.

முன்னின்றவர்களுக்கு நடந்ததை நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை. எட்டு உறுப்பினர்களைக் கட்சி நீக்கியது. எங்கள் அரசியலமைப்பில் கட்சி உறுப்புரிமை போனால் நாடாளுமன்ற ஆசனமும் போகும். அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் நீதிமன்றம், அந்த நீக்கம் செல்லும் என்றது. கட்சிக்குள் எதுவும் பேசாமல் இரகசியமாகப் பிரேரணை கொண்டுவந்தது அவர்களுக்கு எதிராக நின்றது. யோசித்துப் பாருங்கள். கட்சியின் தலைவர் ஜனாதிபதி. அவரை நீக்கப் பிரேரணை கொண்டுவர விரும்புகிறவர் முதலில் அதே கட்சியின் செயற்குழுவில் போய்ச் சொல்ல வேண்டுமாம். அப்படிச் சொல்லிவிட்டு எந்த உறுப்பினர் ஒரு கையொப்பத்தையாவது சேர்த்துவிட முடியும்? அரசியலமைப்பு ஓர் உறுப்பினருக்குக் கொடுத்திருக்கும் கடமையைச் செய்ததற்கு ஆசனம் பறிபோகும் என்றால், அடுத்த முறை யார் பேனாவைத் தொடுவார்கள்?

அதற்குப் பிறகு யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஆனால் நீதியரசர் ஒருவரை நீக்க வேண்டுமென்றால் இதே நாடாளுமன்றம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான பிரேரணை 2012 நவம்பர் தொடக்கத்தில் கையளிக்கப்பட்டது. 2013 ஜனவரி 11ஆம் திகதி 155 வாக்குகளுக்கு 49 என்று நிறைவேறியது. இரண்டு நாளில் மகிந்த ராஜபக்ச அவரைப் பதவி நீக்கினார். மூன்றில் ஒரு பங்கினரின் கையொப்பம், மொத்த உறுப்பினர்களில் சாதாரண பெரும்பான்மை, விசாரணைக்கு உறுப்பினர்களே உட்கார்ந்த தெரிவுக்குழு. அவ்வளவுதான். மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தெரிவுக்குழுவின் முடிவை இரத்துச் செய்தும் நிறுத்த முடியவில்லை. நிறைவேற்று அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டிய நீதிபதியை நீக்குவது இலகு, அந்த அதிகாரத்தை வைத்திருப்பவரை நீக்குவது அநேகமாக முடியாது. இது எங்கோ தவறி விழுந்த ஓட்டை என்று நான் நம்பவில்லை. 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்த ஜே.ஆர். ஜயவர்தன தனக்காகத் தைத்த சட்டை இது.

2018ஐயும் நினைவுபடுத்துகிறேன். அந்த நவம்பரில் மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசெம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தார்கள். அரசியலமைப்பை ஜனாதிபதி மீறினாரா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எங்கே கிடைக்கும்? ஆனால் முந்தைய நாள் நாடாளுமன்றத்தில் ரணில் விக்கிரமசிங்கவே பிரதமர் என்பதற்கு ஆதரவாக விழுந்தவை 117 வாக்குகள். 150க்கு அது எட்டாத தூரம். சிறிசேன தன் பதவிக்காலத்தை முழுமையாக முடித்துக்கொண்டுதான் போனார்.

பிறகு 2022. எரிபொருள் வரிசையில் மனிதர்கள் செத்து விழுந்த மாதங்கள் அவை. மே 17ஆம் திகதி, எம்.ஏ. சுமந்திரன் ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்க நிலையியற் கட்டளைகளை, அதாவது சபையின் நடைமுறை விதிகளை, இடைநிறுத்தும்படி கேட்டார். பதவி நீக்கக்கூடக் கேட்கவில்லை, விவாதிக்கத்தான் கேட்டார். எதிராக 119 வாக்குகள், ஆதரவாக 68. தெருவில் நாடே நின்றபோது சபைக்குள் இருந்த கணக்கு இது. இரண்டு மாதத்தில் தெரு தன் வழியைத் தானே எடுத்துக்கொண்டது.

அந்த மக்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழியில் நாங்கள் இழந்த ஒன்று இருக்கிறது. குற்றப் பிரேரணை என்றால் குற்றச்சாட்டுகள் எழுத்தில் இருக்கும், சாட்சியம் பதியப்படும், தீர்ப்பு இருக்கும். இராஜினாமாவில் அது எதுவும் இல்லை. பொருளாதார நெருக்கடிக்குக் கோத்தாபயவும் மகிந்தவும் பசிலும் வேறு சிலரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். அதுவும் சில குடிமக்கள் அடிப்படை உரிமை மனுவோடு போனதால். வழக்குச் செலவைக் கட்டச் சொன்னதோடு அது முடிந்தது. தமிழர்களாகிய எங்களுக்கு, நடந்ததை ஒரு நீதிமன்றம் எழுதிவைப்பதன் பெறுமதி என்னவென்று யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

வேறு நாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்குத் தென்கொரியாவைக் காட்டுவேன். 2024 டிசெம்பர் 3ஆம் திகதி இரவு யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். முதல் வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியினர் வெளியேறியதால் பிரேரணை தோற்றது. 14ஆம் திகதி 300 பேர் கொண்ட சபையில் 204 வாக்குகளோடு நிறைவேறியது. எதிரணியிடம் இருந்தவை 192தான், மிச்சம் அவருடைய கட்சிக்குள்ளிருந்தே வந்தது. அன்றே அவருடைய அதிகாரங்கள் இடைநிறுத்தப்பட்டன, பிரதமர் பதில் ஜனாதிபதியானார். 2025 ஏப்ரல் 4ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள். மறுபடி நாடாளுமன்றத்துக்குப் போகத் தேவையில்லை, நீதிமன்றத்தின் சொல்லே முடிவு.

மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்த ஒருவரை அரசியல் பகைக்காக உறுப்பினர்கள் இலகுவில் நீக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். சரியான கவலை. 2004இல் அதே கொரியாவில் ரோ மூ ஹியூன்மீது பிரேரணை நிறைவேறியது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தியது. இடையில் வந்த தேர்தலில் மக்கள் அவரை ஆதரித்த கட்சிக்கே பெரும்பான்மை கொடுத்தார்கள். பகைக்காகக் கொண்டுவந்தால் நீதிமன்றமும் வாக்காளரும் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு இது போதும். முதல் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

நான் கேட்பது சில மாற்றங்கள்தான். பிரேரணையைச் சபாநாயகர் ஏற்ற நிமிடத்திலிருந்து கூட்டத்தொடரை ஒத்திவைக்கும் அதிகாரம் நிற்க வேண்டும். நீதிமன்ற விசாரணை நடக்கும் இரண்டு மாதமும் ஜனாதிபதியின் அதிகாரங்கள் பிரதமரிடம் இருக்க வேண்டும். நீதிமன்றம் குற்றவாளி என்றால் 113 வாக்குகளே நீக்கத்துக்குப் போதும் என்று மாற்ற வேண்டும். பிரேரணையில் கையொப்பமிட்டதற்காக யாரையும் கட்சி நீக்கினாலும் ஆசனம் போகாது என்று தெளிவாக எழுத வேண்டும். நான்கில் எது முக்கியம் என்று கேட்டால் இந்தக் கடைசியைச் சொல்வேன், ஏனென்றால் அது இல்லாமல் மற்ற மூன்றுக்கும் வேலையே வராது.

இன்றைய நாடாளுமன்றத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள். மற்ற எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் 66. அதாவது ஒரு பிரேரணைக்குத் தேவையான கையொப்பங்களை எதிரணி நினைத்துப் பார்க்கவும் முடியாது. அநுர குமார திசாநாயக்கமீது எனக்குத் தனிப்பட்ட குறை இல்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக அவருடைய கட்சி வாக்குறுதி கொடுத்திருக்கிறது. ஒழித்தால் இந்தப் பதிவுக்கே தேவையில்லை. ஒழிக்கும்வரை, அல்லது ஒழிக்காமல் விட்டால், 38ஆம் உறுப்புரையைத் திருத்துவதற்கான எண்ணிக்கை இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. புதிய அரசியலமைப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்டால் நான் இந்த நான்கையும் எழுதி அனுப்பப்போகிறேன். உடன்படுகிறவர்கள் உங்கள் பெயரில், உங்கள் சொற்களில் எழுதி அனுப்புங்கள்.