பில் பக்னரால் கோப்பை போகவில்லை

"கால்களுக்கு நடுவே பந்தை விட்டார், கையில் இருந்த உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர்) கோப்பை பறிபோனது" என்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் பேஸ்பால் வீடியோ ஒன்று சுற்றுகிறது. வீடியோ நிஜம்தான். கூட வரும் வரிதான் தப்பு.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 என முன்னிலை. எதிரணியான நியூயார்க் மெட்ஸில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் கோப்பை பாஸ்டனுக்கு. அங்கிருந்து வரிசையாக மூன்று சிங்கிள் (அடித்தவர் முதல் பேஸை எட்டும் அடி), 5-4. அப்புறம் பாஸ்டன் பந்துவீச்சாளர் பாப் ஸ்டான்லி தாறுமாறாக வீசிய பந்து கேட்சரைத் தாண்டி ஓட, 5-5. மெட்ஸின் மூக்கி வில்சன் அடித்த பந்து பக்னரிடம் உருண்டு வந்தது இதற்குப் பிறகுதான். அதைப் பிடித்து அவுட் ஆக்கியிருந்தாலும் ஆட்டம் 11ஆவது இன்னிங்ஸுக்குத்தான் போயிருக்கும். விட்டதால் மெட்ஸ் 6-5 என வென்றது.

தொடரும் அன்றைக்கு முடியவில்லை. 27ஆம் தேதி நடந்த ஏழாவது ஆட்டத்தில் 3-0 என முன்னிலையில் இருந்த பாஸ்டன், 8-5 என்று தோற்றது. அந்த வீடியோவை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தில் இரண்டு ஆட்டங்களின் ஸ்கோர் விவரமும் வரிசையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.