கிரேக்கத் தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் முதலில் காற்றைக் கேளுங்கள்

கிரேக்கத் தீவுகளுக்கு இடையே பாய்மரப் படகில் ஒரு வாரம் என்றதுமே பலர் வாயில் வருகிற பெயர்கள் மிக்கோனோஸும் சாண்டோரினியும்தான். ஏதென்ஸில் சனிக்கிழமை படகேறி, இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்பிவிடலாம் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் முகவர்களும் இருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கடல் பழக்கமே இல்லாத குடும்பங்களுக்கு இப்படியொரு பயணத்தை விற்பது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் மெல்டெமி. கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் இந்தக் காற்று, பால்கன் பகுதியின் உயர் அழுத்தத்துக்கும் துருக்கியின் மேல் நிலைகொள்ளும் தாழ்வழுத்தத்துக்கும் இடையில் பிறக்கிறது. அந்தத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தருகிற அதே ஆசியக் கோடைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. ஆனால் அங்கே மழையும் இல்லை, மேகமும் இல்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போதே காற்று 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தைத் தொட்டு, சில நாட்கள் விடாமல் அடிக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆபத்து இருப்பதாகவே தோன்றாது.

சாண்டோரினி ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே 100 கடல் மைலுக்கும் அப்பால் இருக்கிறது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். திரும்பும்போதுதான், 5 அல்லது 6 நாட் வேகத்தில் போகக்கூடிய படகு எதிர்க்காற்றில் ஒவ்வோர் அலையாக ஏறி விழ, தளத்தில் இருப்பவர்கள் உப்புநீரில் நனைய, உள்ளறையில் இருப்பவர்கள் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோவார்கள். போய்ச் சேர்ந்தாலும், சாண்டோரினியின் கடல்நீர் நிரம்பிய எரிமலைக் குழியின் ஆழத்தில் நங்கூரம் போடுவதற்கு ஏற்ற இடம் அநேகமாகக் கிடையாது.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவே போதும். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ் ஆகிய தீவுகள் ஒன்றுக்கொன்று சில மணிநேரத் தொலைவில், மெல்டெமியின் முழு வேகம் எட்டாத நீரில் இருக்கின்றன. ஏஜினாவில் பிஸ்தாத் தோட்டங்களும், கடலைப் பார்த்தபடி நிற்கும் அஃபையா கோயிலும் உண்டு. கார்களுக்கு அனுமதியில்லாத ஹைட்ராவில் சுமைகளைக் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்கின்றன.

ஹைட்ராவின் சிறிய துறைமுகத்தில் மாலையில் படகு கட்டுவதை அவசியம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படகும் முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து வந்து இரண்டு கயிறுகளால் கரையோடு கட்டிக்கொள்கிறது. பின்னால் வருகிறவர்கள் அந்தச் சங்கிலிகளின் மேலேயே தங்கள் சங்கிலியையும் போட்டுவிடுவதால், காலையில் ஒருவர் நங்கூரத்தை இழுத்தால் பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து மேலே வருகிறது. அப்போது கோபப்படாமல், கயிறு கொடுத்து ஒருவருக்கொருவர் உதவிச் சிக்கலை விடுவிக்கும் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

நங்கூரம் போடுமிடத்திலும் கவனம் வேண்டும். தண்ணீருக்கடியில் வெளிறித் தெரிவது மணல். கருத்துத் தெரிவது பொசிடோனியா என்னும் கடற்புல். மிக மெதுவாக வளரும் அந்தப் புல்வெளியில் ஒரு நங்கூரம் கிழித்த தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். மீன் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். மணலைத் தேடி இன்னும் சில நிமிடம் சுற்றச் சொல்ல, படகை வாடகைக்கு எடுத்த நமக்கு முழு உரிமையும் உண்டு.

சாண்டோரினியைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய பயணிகள் கப்பல்கள் ஓடுகின்றன. அதில் போய், இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். பாய்மரப் படகில்தான் போக வேண்டுமென்றால், ஜூன் முதல் வாரங்களையோ செப்டம்பர் பிற்பாதியையோ தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்கி, காற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.