தண்ணீர் விடுவதற்கும் உப்புத் தண்ணீர் ஆகாது

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், தொண்டிப் பக்கம் புதுப் பள்ளி, சுகாதார நிலையக் கட்டடங்களுக்கு "கலவைக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும், க்யூரிங்குக்கு (போட்ட காங்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைப்பதற்கு) உப்பு போர் தண்ணீரே விடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புடன் ஒரு திருத்தம்: அது சரியில்லை. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 (2000), பிரிவு 5.4 இரண்டுக்கும் ஒரே அளவைத்தான் வைக்கிறது. கம்பி போட்ட காங்கிரீட் என்றால் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் பொருள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 2000 வரை போகலாம் என்பது கம்பியில்லாத காங்கிரீட்டுக்கு; குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

தூணில் சுற்றிய ஈரச்சாக்கு நம் வெயிலில் காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். சாக்கைப் பிரித்தால் வெள்ளையாகப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். பத்துப் பதினான்கு நாள் இப்படியே விட்டால் இளம் காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பு உள்ளே இறங்கும். பின்னாளில் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கம்பி ஓடும் வழியிலேயே விரிசல் விட்டு மேல்பூச்சோடு காங்கிரீட் பெயர்ந்து விழும். கீழே உட்கார்ந்திருப்பது பிள்ளைகள்.

நீங்களே பார்க்கலாம். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் சிறு கருவி) 500-க்குக் கீழே காட்டினால் குளோரைடு பற்றிக் கவலை இல்லை. மேலே போனால், அதே தண்ணீரில் அலசிய கேனில் ஒரு லிட்டர் பிடித்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குளோரைடு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். விதியின் முழு வாசகம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.